ஏடு காட்டும் நிரலும் அதனைக் காப்போரும்

அச்சேறிய நூல் ஒன்றைப் படிப்பதற்குக் கண்ணும் விளக்கும் இருந்தாற் போதும். கணினியில் அடங்கிய நூல் அத்தகையதன்று. அதன் உள்ளே இருப்பவை எண்களே. அவ்வெண்களைப் படித்து, இன்ன எழுத்து இன்ன இடத்தில் இன்ன அளவில் அமைய வேண்டும் என அறிந்து, திரையிலே பக்கமாக வரைந்து காட்டுதற்கு ஓர் இடையாள் வேண்டும். அவ்விடையாளே ஆவணக்காட்டி எனப்படும் மென்பொருள். யுனிக்ஸ் என்னும் இயக்குதளத்தின் வழிவந்த லினக்ஸ், பிரீபிஎஸ்டி முதலிய கணினிகளில் இத்தகைய காட்டிகள் பல உள. அவற்றின் மூலநிரல் யாவரும் எடுத்து வாசிக்கவும், திருத்தவும், பகிரவும் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றது. இவற்றை ஆக்கியோர் யாவர், ஆக்கியதனை அழியாமற் காத்தோர் யாவர், காக்கும் பணியில் அவர் கண்ட இடர் யாது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

வரலாறு அச்சுப்பொறியிலிருந்து தொடங்குகின்றது. செரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ஜோன் வார்னொக், சார்ள்ஸ் கெஷ்கே என்னும் இருவர் 1982ஆம் ஆண்டில் வெளியேறி அடோபி என்னும் நிறுவனத்தை நிறுவினர். ஒரு பக்கத்தின் தோற்றத்தை அச்சுப்பொறிக்கு எடுத்துரைக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் மொழியை 1984இல் அவர்கள் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி அம்மொழியை ஏற்றது. அதன் பின் பல்கலைக்கழகங்களிற் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புக்களாக உலவத் தொடங்கின. ஆனால் அம்மொழியை அறிந்த அச்சுப்பொறியின் விலையோ பெரிது. அது இல்லாதவன் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டும் படிக்க வகையின்றி நின்றான்.

இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் எல். பீற்றர் டொய்ச் என்னும் அமெரிக்கர். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைத் தானே விளங்கிக்கொள்ளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் நிரலை அவர் 1986இல் எழுதத் தொடங்கி 1988இல் வெளியிட்டார். அச்சுப்பொறி செய்யும் வேலையைக் கணினியே செய்ய அதனால் இயன்றது. எனினும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு பொறி மட்டுமே. பக்கம் புரட்டுதற்குரிய கைப்பிடி அதற்கு இல்லை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ரிம் தைசன் என்பவர் எழுதிய கோஸ்ட்வியூ அக்கைப்பிடியாக அமைந்தது. உட்பொறி ஒன்று, அதன்மேற் பயனர் கையாளும் முகம் வேறொன்று என்னும் இவ்வமைப்பு இன்றளவும் மாறவில்லை. பின்னர் நிகழ்ந்த பல சிக்கல்களுக்கும் தீர்வுகளுக்கும் இதுவே நிலைக்களம் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று.

1993ஆம் ஆண்டில் அடோபி நிறுவனம் பி.டி.எவ். என்னும் புதிய கோப்பு வடிவத்தை வெளியிட்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு ஒரு முழு நிரல். நூறாம் பக்கம் வேண்டின் அதற்கு முன்னுள்ள பகுதியையும் இயக்கிப் பார்க்க நேரலாம். பி.டி.எவ். அவ்வாறன்று. கோப்பின் இறுதியில் ஓர் அட்டவணை இருக்கும். எப்பொருள் எத்தனையாவது எண்ணிடத்தில் உள்ளது என அது கூறும். காட்டியானது முதலிற் கோப்பின் கடைசிப் பகுதியைப் படித்து, அட்டவணையைக் கண்டு, வேண்டிய பக்கத்துக்கு நேரே செல்லும். அடோபி தன் சொந்தக் காட்டியை விலையின்றி வழங்கிற்று. ஆயின் அதன் மூலநிரலை எவருக்கும் காட்டவில்லை.

அடுத்து வந்தது எக்ஸ்பிடிஎவ். டெரெக் நூன்பர்க் என்பவர் 1995ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். அடோபியின் நிரலைப் பாராமல், அது வெளியிட்ட வடிவ விளக்கத்தை மட்டும் கொண்டு எழுதப்பட்டது இது. பொது மக்கள் உரிமம் என்னும் நிபந்தனையின் கீழ் வெளிவந்தமையின், எவரும் அதனை எடுத்துத் தம் நிரலிற் சேர்க்கலாம். சேர்த்ததனை அதே நிபந்தனையின்படி பிறருக்கும் வழங்க வேண்டும். இந்த ஒரு நிரலே பின்வந்த காட்டிகள் பலவற்றுக்கு வேராயிற்று.

நிரல் எழுதப்பட்டதும் அது பயனர் கைக்கு வந்துவிடுவதில்லை. இடையில் நிற்பவர் பொதியாளர். 1993இல் ஈயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் போன்ற விநியோகங்களில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒருவரோ ஒரு குழுவினரோ பொறுப்பேற்கின்றனர். ஆசிரியர் வெளியிட்ட மூலத்தை மாற்றாமல் ஒருபுறம் வைத்து, தாம் செய்யும் திருத்தங்களைத் தனித்தனி ஒட்டுக்களாக அதனுடன் சேர்ப்பர். இந்நிரல் இயங்குதற்கு வேறெந்த நிரலகங்கள் தேவை, எந்தப் பதிப்பு தேவை என்று ஒரு தாளிற் குறிப்பர். யார் எழுதியது, எவ்வுரிமத்தின் கீழ் என்பதை மற்றொரு தாளிற் பதிவர். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் நாளும் காரணமும் எழுதுவர். பின்னர் பலவகைக் கணினிகளுக்கும் ஏற்ப அது ஆக்கப்படும். பயனர் ஒரு கட்டளையில் அதனைப் பெறுகின்றார். அதன் பின்னே கிடக்கும் உழைப்பை அவர் பெரும்பாலும் அறியார்.

இவ்வேலையின் நுட்பத்துக்கு எழுத்துருக்களே சான்று. பி.டி.எவ். வடிவம் தோன்றிய காலந்தொட்டு 14 எழுத்துருக்கள் எக்காட்டியிலும் இருக்கும் என்பது கொள்கை. ஆதலின் பலர் அவற்றைக் கோப்பினுள் வைக்காமலே விட்டனர். அவ்வெழுத்துருக்களோ விலைக்கு விற்கப்பட்டவை. ஜேர்மனியின் யூஆர்டபிள்யூ நிறுவனம் அவற்றை ஒத்த எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தின் கீழ் வழங்கிய பின்னரே, திறந்த மூலக் காட்டிகள் அப்பக்கங்களைச் செம்மையாகக் காட்ட இயன்றது. பொதியாளர் காட்டியோடு அவ்வெழுத்துருப் பொதியையும் இணைக்க மறந்தால், நிரலிற் பிழையொன்றும் இல்லாமலே பக்கம் வெறுமையாய்த் தோன்றும்.

சீனம், யப்பான், கொரியா ஆகிய நாடுகளின் எழுத்துக்களுக்கு வேண்டிய குறிமுறை அட்டவணைகளுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. அவற்றின் உரிமம் மாற்றம் செய்வதைத் தடுத்தமையால், டெபியன் அவற்றைத் தன் முதன்மைத் தொகுதியில் ஏற்காது புறத்தே வைத்திருந்தது. பின்னாளில் அடோபி உரிமத்தைத் தளர்த்தியபோதே அவை உள்ளே வந்தன. சட்டத்தாளில் இருந்த ஒரு வரி, கிழக்காசிய வாசகர் ஒருவரின் திரையை வெறுமையாக்கக் கூடியதாயிருந்தது.

இனி, இவ்வரலாற்றின் நடுவே எழுந்த பெருஞ்சிக்கலைக் காண்போம். எக்ஸ்பிடிஎவ்வின் மூலநிரல் நல்லதாகவும் கிடைத்தற்கு எளியதாகவும் இருந்தமையின், பலர் அதனை அப்படியே பெயர்த்தெடுத்துத் தம் நிரல்களுள் வைத்தனர். குனோம் திட்டத்தின் ஜிபிடிஎவ், கே.டி.ஈ. திட்டத்தின் கேபிடிஎவ், அச்சிடும் பணிக்குரிய கப்ஸ், நூற்கோப்புக்குரிய டெக் தொகுதி ஆகியவற்றுள் அதன் படிகள் இருந்தன. ஓலைச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிய காலத்தில் நிகழ்ந்ததும் இதுவே. மூல ஏட்டில் இருந்த பிழை படிதோறும் சென்றது. ஒரு படியிலே திருத்தியதனாற் பிற படிகள் திருந்தவில்லை.

தமிழ் இலக்கண நூலார் வழு, வழாநிலை, வழுவமைதி எனப் பிரித்துக் கூறுவர். நிரலில் நேரும் பிழையையும் இன்று வழு என்றே தமிழ்க் கணினி உலகம் அழைக்கின்றது. ஆயின் நிரலின் வழு வெறும் அழகுக் குறையன்று. கள்வன் புகும் வாயிலாகவும் அது அமையும். எவ்வாறெனின், பக்கத்திலுள்ள படம் ஒன்றை விரிக்க எவ்வளவு நினைவகம் வேண்டும் எனக் காட்டி கணக்கிடும். அகலத்தையும் உயரத்தையும் கோப்பே கூறுகின்றது. 32 இரும இலக்கங்களுள் அடங்கும் மிகப் பெரிய எண் 4,294,967,295. அகலம் 65,536, உயரம் 65,536 என ஒருவன் வேண்டுமென்றே கோப்பில் எழுதி வைத்தால், பெருக்கம் 4,294,967,296 ஆகும். ஒன்றே ஒன்று மிகுதி. மோட்டார் வண்டியின் தூரமானி முழுச்சுற்றும் சுற்றி மீண்டும் சுழியத்துக்கு வருதல் போல, விடையும் சுழியமாகி நிற்கும். நிரல் சிற்றிடம் ஒதுக்கிப் பெரும்பொருளைக் கொட்டும். ஒதுக்கிய இடத்தைக் கடந்து வழிந்த எண்கள் அயலிலுள்ள கட்டளைகளை அழித்து, அனுப்பியவன் விரும்பிய கட்டளையை அங்கே அமர்த்தவுங் கூடும். ஒரு கோப்பைத் திறந்தமையே குற்றமாகிக் கணினி பிறன் வசமாகும்.

2004ஆம் ஆண்டு ஒக்டோபரில் எக்ஸ்பிடிஎவ்வில் இத்தகைய வழுக்கள் வெளிப்பட்டன. டிசம்பரில் மற்றொன்று, 2005 ஜனவரியில் வேறொன்று. ஒவ்வொரு முறையும் பொதியாளர் எக்ஸ்பிடிஎவ்வைத் திருத்தியதோடு ஓய்ந்தாரல்லர். அதன் படி ஒளிந்திருந்த கப்ஸையும் டெக்கையும் ஏனையவற்றையும் தேடித் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. டெபியன் ஒரே வழுவுக்காகத் தனித்தனிப் பாதுகாப்பு அறிவித்தல்களை விடுத்தது. இன்னும் ஒன்று: ஒக்டோபர் வழுவுக்கு இட்ட ஒட்டு, 64 இரும இலக்கக் கணினிகளிற் சில விநியோகங்களில் நிறைவாகப் பொருந்தவில்லை என்று பின்னர் தெரிய வந்தது. மருந்திட்ட இடத்திலேயே புண் மீண்டும் திறந்தது.

இதற்குத் தீர்வு தேடியவர் கிறிஸ்டியன் ஹொக்ஸ்பேர்க். எக்ஸ்பிடிஎவ்வின் 3ஆம் பதிப்பிலிருந்து உட்பொறியை மட்டும் பிரித்தெடுத்து, யாவரும் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க நிரலகமாக 2005இல் வெளியிட்டார். பொப்லர் என்பது அதன் பெயர். அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றிலிருந்து விளையாட்டாக எடுக்கப்பட்ட பெயர் அது. ஆனால் பணி விளையாட்டன்று. இனி எந்தக் காட்டியும் தன்னகத்தே படி வைத்திருக்க வேண்டியதில்லை. ஊருக்கெல்லாம் ஒரு பொதுக்கிணறு அமைந்தது. கிணற்றைத் தூர்வாரினால் யாவர் வீட்டுக்கும் நல்ல நீர் கிட்டும்.

அதே ஆண்டு செப்டெம்பரில் குனோம் 2.12 பதிப்போடு எவின்ஸ் என்னும் காட்டி வெளிவந்து, பி.டி.எவ்.வுக்கு ஒன்று போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று என இருந்த முன்னைக் காட்டிகளின் இடத்தை ஒருங்கே ஏற்றது. கே.டி.ஈ. திட்டத்தில் ஒக்குலர் 2005இல் தொடங்கப்பெற்று 2008இல் நான்காம் பதிப்போடு பயனரை அடைந்தது. இவ்விரண்டும் பி.டி.எவ். கோப்பைப் படிக்கப் பொப்லரையே நாடின. எக்ஸ்பிடிஎவ்வும் ஒழிந்துவிடவில்லை, அதன் ஆசிரியர் அதனைத் தொடர்ந்து வளர்த்து 2017இல் 4ஆம் பதிப்பை வெளியிட்டார். ஆயின் டெபியனின் எக்ஸ்பிடிஎவ் பொதி தன் சொந்த உட்பொறியை விடுத்துப் பொப்லரோடு இணைக்கப்பட்டது. மகனிடம் கைம்மாற்றாகக் கடன் வாங்கிய தந்தையைப் போன்ற நிலை அது.

பொதுக்கிணற்றுக்கும் ஒரு விலை உண்டு. பொப்லரின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் அதன் அடையாள எண்ணும் மாறும். அவ்வுள்ளமைப்பை நேரே தொட்ட நிரல்கள் யாவும் மீண்டும் ஆக்கப்பட வேண்டும். சில வேளைகளில் திருத்தி எழுதப்படவும் வேண்டும். எவின்ஸ், ஒக்குலர் முதலியன நிலையான இடைமுகங்களின் வழியாகச் செல்வதால் பெரும்பாலும் தப்பிவிடும். உள்ளறைக்குட் புகுந்தவையோ ஒவ்வொரு முறையும் அல்லற்படும். எனினும் பத்துப் படிகளை இருளிலே தேடித் திருத்துவதினும், பத்து நிரல்களை வெளிச்சத்திலே மீண்டும் ஆக்குவது மேலென்பதே பொதியாளர் கண்ட முடிவு.

ஆசிரியருக்கும் பொதியாளருக்கும் கருத்து வேறுபடும் இடங்களும் உள. பி.டி.எவ். கோப்பிலே, இதனை அச்சிடாதே, இதன் சொற்களைப் பெயர்த்தெடுக்காதே என்று ஒரு குறி இடலாம். அக்குறி பூட்டன்று, வேண்டுகோள் எனலாம். எக்ஸ்பிடிஎவ் ஆசிரியர் அதனை மதித்தல் கடன் என்றார். தம் கணினியிலுள்ள நூலைத் தாம் ஆளும் உரிமை பயனருக்கு உண்டு என்று கூறி, ஒட்டு ஒன்றால் அத்தடையை அகற்றிய பொதியாளரும் இருந்தனர். ஒக்குலரோ அதனைப் பயனர் தெரிவுக்கே விட்டது. இருபக்கத்தும் நியாயம் உண்டு என்பதை எவரும் மறுக்கார்.

பொதியாளர் கைவைத்ததெல்லாம் நன்மையில் முடியும் என்றுஞ் சொல்வதற்கில்லை. 2006இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் ஓர் எச்சரிக்கையை நீக்கும் நோக்குடன் செய்த சிறு மாற்றம், இரகசியத் திறவுகோல்களை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக்கிற்று. 2008 மே மாதத்திலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. மூலத்தை மாற்றுதல் எத்துணை ஆபத்தானது என்பதற்கு அது நீங்காச் சான்றாயிற்று. ஆதலின் ஒட்டொன்று இட்டால் அதனை ஆசிரியருக்கும் அனுப்புக என்பது நற்பொதியாளர் போற்றும் நெறி.

காட்டிகள் பல வடிவங்களையும் படிக்கத் தொடங்கியதனாற் புதிய வாயில்களும் திறந்தன. எவின்ஸ் சித்திரக்கதைத் தொகுதிகளையும் காட்டவல்லது. அத்தொகுதியை அவிழ்க்க அது டார் என்னும் வேறொரு நிரலை அழைத்தது. தொகுதியினுள் இருக்கும் கோப்பின் பெயரை டார் ஒரு கட்டளையாகக் கொள்ளும்படி அமைத்தால், பயனர் அறியாமல் எதனையும் இயக்கலாம் என்பது 2017இல் தெரிய வந்தது. பெயரே கட்டளையான விந்தை இது. அவ்வடிவத்துக்குரிய ஆதரவை நீக்குதல் பராமரிப்பாளர் கைக்கொண்ட வழி.

பழைய வழு உறங்குவதில்லை என்பதற்கு 2021ஆம் ஆண்டு சாட்சி. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லாப் ஆய்வாளர், சவூதி அரேபியச் செயற்பாட்டாளர் ஒருவரின் கைப்பேசியில் உளவு நிரல் ஒன்றைக் கண்டனர். உரியவர் எதனையும் தொடாமலே அது உட்புகுந்திருந்தது. ஆப்பிள் நிறுவனம் அவ்வாண்டு செப்டெம்பரில் அவ்வாயிலை அடைத்தது. கூகிளின் ஆய்வாளர் அதனைப் பகுத்துப் பார்த்தபோது, ஆப்பிளின் பி.டி.எவ். நிரலில் ஜேபிக்2 என்னும் படவடிவத்தைப் படிக்கும் பகுதி எக்ஸ்பிடிஎவ்வின் மூலநிரலிலிருந்து வந்தது என விளங்கிற்று. அங்கும் வழு அதுவே: எண் தன் எல்லையைக் கடந்து சுருங்கியமை. அதனை ஒத்த வழுவொன்று 2022இல் எக்ஸ்பிடிஎவ்விலும் பொப்லரிலும் இனங்காணப்பட்டுத் திருத்தப்பட்டது. முன்னொரு காலத்தில் ஒருவர் எழுதிய சில வரிகள், எவ்வளவு தூரம் சென்று எவர் உயிருக்கு ஊறு தேடும் என்பதை யார்தாம் முன்கூட்டி அறிவார்?

அவ்வாறாயின் மூலத்தை மூடிவைத்தலே பாதுகாப்பு அன்றோ என வினவலாம். அடோபியின் சொந்தக் காட்டி அதற்கு விடை கூறும். லினக்ஸுக்கென அந்நிறுவனம் வெளியிட்ட காட்டியின் புதிய பதிப்பு 2013க்குப் பின் வரவில்லை. மூலநிரல் வெளியே இல்லாமையின், அதிற் கிடந்த வழுக்களைத் திருத்த எவராலும் இயலவில்லை. பொதியாளர் அதனை விலக்குவதன்றி வேறு செய்தற்கில்லை. பொப்லரின் நிலை அதுவன்று. தொடங்கியவர் வேறு பணிக்குச் சென்ற பின்னரும் அல்பேர்ட் அஸ்டல்ஸ் சிட் முதலியோர் அதனைப் பல்லாண்டாகப் பேணி வருகின்றனர். 2020 ஓகஸ்ட் தொடக்கம் ஆண்டையும் மாதத்தையுமே பதிப்பெண்ணாகக் கொண்டு அது வெளிவருகின்றது.

தமிழ் வாசகருக்கும் இதனில் நேரடித் தொடர்பு உண்டு. பி.டி.எவ். கோப்பு எழுத்தின் வடிவத்தையும் இடத்தையுமே முதன்மையாகக் குறிக்கும். ‘கெ’ என்னும் எழுத்தில் ஒலிக்குறி மெய்க்கு முன் நிற்கின்றது. ‘கொ’ என்பதில் அது இருபுறமும் நிற்கின்றது. எவ்வடிவம் எவ்வெழுத்து எனக் கூறும் அட்டவணை கோப்பிற் செவ்வனே இல்லாவிடின், திரையிற் பக்கம் அழகாகத் தோன்றினும், சொல்லைத் தேடினால் அகப்படாது. பெயர்த்தெடுத்தால் எழுத்துக்கள் முன்பின்னாகச் சிதறும். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் பேணி வருகின்றது. அங்குள்ள பழைய இதழொன்றை லினக்ஸ் கணினியில் எவின்ஸோ ஒக்குலரோ கொண்டு திறப்பவர், அறிந்தோ அறியாமலோ பொப்லரின் துணையையே கொள்கின்றார்.

அண்மைக் காலத்தில் பொதி கட்டும் முறையும் மாறி வருகின்றது. 2016இல் பிளாட்பக் எனப் பெயர் பெற்ற முறையில், காட்டியும் அதற்கு வேண்டிய நிரலகங்கள் சிலவும் ஒரே கட்டாக வந்து சேரும். கணினியின் ஏனைய பகுதிகளை எளிதிற் தொடாதபடி வேலியும் இடப்படும். எந்த விநியோகத்திலும் அது இயங்கும். ஆசிரியரே நேரில் வழங்கலாம். வேலி நன்மையே. ஆயினும் ஒவ்வொரு கட்டினுள்ளும் ஒவ்வொரு படி என்னும் பழைய வினா மீண்டும் தலைகாட்டுகின்றது. 2004இல் எழுந்த அவ்வினாவுக்கு இறுதி விடை இன்னும் கிட்டவில்லை.

ஒக்குலர் 2022இல் ஜேர்மனியின் நீலத் தேவதை என்னும் சூழற்சான்றைப் பெற்றது. சான்று பெற்ற முதல் மென்பொருள் அதுவே. மின்னைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, பழைய கணினிகளிலும் தொடர்ந்து இயங்கக்கூடியதாய் இருத்தல் அதற்குரிய தகுதிகளுள் ஒன்று. எவின்ஸோ இருபது ஆண்டுகள் பணி செய்து, 2025 செப்டெம்பரில் வெளிவந்த குனோம் 49இல் தன் இடத்தை பேப்பர்ஸ் என்னும் காட்டிக்கு விட்டது. பேப்பர்ஸ் எவின்ஸிலிருந்தே கிளைத்தது. நினைவக வழுக்களைத் தவிர்க்கவல்ல ரஸ்ட் என்னும் மொழியில் அதன் பகுதிகள் சில எழுதப்பட்டுள்ளன. அதுவும் பி.டி.எவ். கோப்பைப் படிக்கப் பொப்லரையே நாடுகின்றது.

ஆக, 1995இல் ஒருவர் எழுதிய நிரல் பெயர் மாறி, கை மாறி, இடம் மாறி இன்றும் பக்கங்களை விரித்துக்கொண்டிருக்கின்றது. அது நிலைத்தமைக்கு அதன் முதலாசிரியரின் அறிவு ஒரு காரணம். உரிமத்தாளைப் படித்தவரும், எழுத்துருவைத் தேடியவரும், வழுவைக் கண்டு அறிவித்தவரும், விடுமுறை நாளில் ஒட்டிட்டுப் பொதியை மீண்டும் கட்டியவரும் மற்றைக் காரணம். பக்கம் ஒழுங்காகத் தோன்றும் நாளில் அவர்களை எவரும் நினையார். தோன்றாத நாளிலேயே அவர்களிடம் முறைப்பாடு வந்து சேரும். அதனை அறிந்தே அவர்கள் அப்பணியை மேற்கொண்டிருக்கின்றனர்.